பெரியதாழை வரை ஒரு சத்தம்

தூத்துக்குடியில் வந்து இறங்கிய முதல் நாள் எனக்குத் தெளிவாகப் புரிந்தவை இரண்டுதான். இந்த ஊர் வெயில் எங்கள் ஈப்போ வெயில் இல்லை, வேறு ரகம். இன்னொன்று, என்னை அழைத்துப்போக வந்திருந்த கார் பிரேக் போட்டால் "டங்" என்று ஒரு சத்தம் போடும்.

மற்றதெல்லாம் குழப்பம்.

காரை ஓட்டி வந்தவன் என் சித்தப்பா மகன் ஜெபராஜ். நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியர், விஞ்ஞானம் எடுக்கிறான். யாரோ ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய கறுப்புக் காரைச் சமீபத்தில்தான் வாங்கியிருந்தான். என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து, காரைப் பின்னால் எடுத்து, தெருமுனைக்கு வந்து பிரேக்கை மிதித்தான். டங்.

"என்ன தம்பி அது?"

"ஒண்ணுமில்ல லில்லியக்கா. சத்தம் மட்டுந்தான் கேக்கு. வண்டில கோளாறு கிடையாது."

அடுத்த முனையில் மறுபடியும் பிரேக் போட்டான். சத்தம் இல்லை. அதற்கடுத்த முனையிலும் இல்லை. "பாத்தியளா?" என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

நான் மலாயாவில், ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ். வலி ஒருமுறை வந்துவிட்டு நின்றுபோனால் நிம்மதிப்படக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா என்னையும் அம்மாவையும் மலாயாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அக்கா கிருபாவை நாசரேத்தில் போர்டிங்கில் சேர்த்துவிட்டுப் போனார். அக்கா படித்து டீச்சரானாள். கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே பெரியதாழையைச் சேர்ந்த சூசை என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கடலுக்குப் போகிறவர், கத்தோலிக்கர்; நாங்கள் புராட்டஸ்டண்ட். அதோடு அப்பா அவளுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தினார். நாசரேத்தில் சித்தப்பா வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா முன்பே போய்விட்டாள், அது அக்காவுக்குத் தெரியும். அப்பா போன வருஷம் இறந்துபோனார். சித்தி வீட்டார் அக்காவுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான் எழுதியிருப்பேன் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் அக்காவின் மகள் ரோசலினின் கல்யாணப் பத்திரிகை ஈப்போவுக்கு வந்தது. உறையின் மேல் அப்பாவின் பெயர்.

அன்றே லீவுக்கு எழுதிப் போட்டேன். கல்யாணத்துக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நான் போனது ஒரு சாவைச் சொல்ல.

துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். உப்பளங்கள் பக்கத்தில் இருந்ததால் காற்றே நாக்கில் கரித்தது. ஜெபராஜ் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்தான். முந்திரிப்பருப்பை அரைத்து முட்டை வெள்ளையில் அடித்துக் கூம்பாகச் சுட்ட பண்டம். வாயில் வைத்தால் முதலில் நொறுங்கி, பிறகு இல்லாமலே போய்விடுகிறது. ஈப்போவில் சீனர் கடைகளில் எத்தனையோ பிஸ்கட் தின்றிருக்கிறேன், இப்படிக் காணாமல் போகிற ஒன்றைத் தின்றதில்லை.

கிளம்பும்போது பின்னால் எடுத்தான், முன்னால் வந்தான், ஒரு ஆட்டுக்காகப் பிரேக் போட்டான். டங்.

கடை வாசலில் கப்பல்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் மலாயில் சொன்னான்: "பின்பக்கம் ஆளைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள் போல. கதவைத் தட்டுகிறான்." மற்றவன், "அந்த அம்மாள் முகத்தைப் பார். உள்ளே இருப்பது அவள் மாமியாராக இருக்கும்" என்றான்.

நான் தலையை வெளியே நீட்டி மலாயிலேயே, "எனக்கு மாமியார் இல்லை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள்" என்றேன். இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். பிறகு கார் பக்கத்தில் வந்து வெகுநேரம் தங்களுக்குள் வாதாடினார்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் போயிருக்கும் என்றான் ஒருவன். சக்கரம் என்றான் மற்றவன். மாமியாரைப் பற்றி மட்டும்தான் அவர்களுக்குள் ஒத்த கருத்து இருந்தது.

ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு பட்டறையில் காட்டிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பட்டறைக்காரர் முத்தையா, கறுத்து மெலிந்த மனிதர். தானே ஓட்டிப் பார்த்தார். கடைத்தெரு வரை போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பத்து இடத்திலாவது பிரேக் போட்டிருப்பார்.

"சத்தமே இல்லயே அண்ணாச்சி."

"இருக்கு" என்றான் ஜெபராஜ்.

"எனக்குக் கேக்கலயே."

"அக்கா, நீங்க சொல்லுங்க, கேட்டியளா இல்லயா?"

கேட்டது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். முத்தையா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம் என்று அதை மாற்றிக் கொடுத்தார். மாற்றும்போது கூட அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. கேட்காத சத்தத்துக்கு வைத்தியம் செய்வது யாருக்குத்தான் பிடிக்கும்?

பட்டறையிலிருந்து காரைப் பின்னால் எடுத்து ரோட்டுக்கு வந்ததும் டங் என்றது. ஜெபராஜ் திரும்பிப் போகவில்லை. வெட்கப்பட்டான்.

மறுநாள் நாசரேத்தில் ஆராய்ச்சி தொடங்கியது. விஞ்ஞான வாத்தியார் அல்லவா, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்றான். முதலில் பின்பெட்டியிலிருந்த ஜாக்கியைக் கயிற்றால் கட்டினான். சத்தம் கேட்டது. பின்பெட்டியை முழுவதுமாகக் காலி செய்தான். கேட்டது. சக்கரத்து மூடிகளைக் கழற்றி வைத்தான். கேட்டது. பிறகு அரை மணி நேரம் கேட்கவே இல்லை. எதனால் நின்றது என்று தெரியாமல் கழற்றியதையெல்லாம் மறுபடி மாட்டினோம்.

ஜெபராஜுக்குச் சத்தம் முன்பக்கம் வலது சக்கரத்தில் கேட்டது. எனக்குப் பின்னால் கேட்டது. சித்தியைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினோம். "என் காலுக்கடியிலதான்" என்று அடித்துச் சொன்னாள். இரண்டாம் சுற்றில் தூங்கிவிட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான் வந்த காரியத்தை மெல்ல எடுத்தேன். சித்தி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "கல்யாண வீட்டுல போயி எழவு சொல்லுவாவளா? தாலி ஏறட்டும். பொறவு சொல்லு" என்றாள்.

"பொறவு சொன்னா, தெரிஞ்சுக்கிட்டே இங்கன உக்காந்து சாப்புட்டியான்னு அக்கா கேக்க மாட்டாளாம்மா?" என்றான் ஜெபராஜ்.

இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டன. அதுதான் கஷ்டம்.

அடுத்த நாள் பெரியதாழைக்குச் சித்தி எங்களோடு வரவில்லை. முழங்கால் வலி என்றாள். ஆனால் ஒரு தகரடப்பா நிறைய, பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிப் பொரிக்கிற முந்திரிக்கொத்து செய்து, துணியால் மூடிக் கட்டி, என் மடியில் வைத்தாள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்று உள்ளே போய்விட்டாள்.

வழியில் உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். கறுப்பாக, கொஞ்சம் புகை வாசனையோடு, தொண்டையில் இறங்கியபிறகும் இனிப்பாகவே இருந்தது. பிறகு தேரி வந்தது. கண்ணுக்கெட்டியவரை சிவப்பு மணல் மேடுகள், நடுவில் பனை. எங்கள் ஈயச் சுரங்கத்து மண் வெள்ளையாக இருக்கும். இதைப் பார்த்தால் யாரோ பூமியின் தோலை உரித்துவிட்டதுபோல் இருந்தது. அந்த வழி முழுக்க ஜெபராஜ் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினான்.

"ரோசலினுக்கு நாந்தானக்கா தாய்மாமன். கிருபாக்காவுக்குக் கூடப்பிறந்த ஆம்பளை கிடையாது. சித்தப்பா மகன் நான் இருக்கேன்லா? கல்யாணத்தன்னைக்குப் புள்ள இந்தக் கார்லதான் கோயிலுக்குப் போகணும். அதுக்குத்தான் இந்த வண்டிய வாங்குனதே."

இதுவரை ஒருமுறைகூட அந்த வீட்டுக்கு அவன் போனதில்லை.

பெரியதாழையில் அக்கா வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் கார் மணலில் புதைந்தது. நான் இறங்கி ஓரமாக நின்றேன். அவன் முன்னால் எடுப்பான், பிரேக் போடுவான், பின்னால் எடுப்பான், பிரேக் போடுவான். ஒவ்வொரு முறையும் டங், டங். தெருவே கூடிவிட்டது. கல்யாணத்துக்கு மேளம் முன்கூட்டியே வந்துவிட்டதாக ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் பின்னால் தள்ளி வண்டியை வெளியே எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அக்காவைப் பார்த்தேன். நரைத்திருந்தாள். கையில் மாவு. என்னைப் பார்த்ததும் மாவுக் கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா லில்லி, அம்மா மாதிரியே ஆயிட்டியே."

பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "இவன் யாரு? ஜெபராஜா? மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச பய" என்றாள். அது கோபமா, பிரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜெபராஜுக்கும் பிடிபடவில்லை. சிரித்து வைத்தான்.

சூசை அத்தான் உயரமான மனிதர், பேச்சு குறைவு. சாப்பாட்டுக்குப் பிறகு (விளமீன் குழம்பு, பொரித்த நெத்திலி, எனக்கு வியர்த்துக் கொட்டியது) ஜெபராஜ் காரைப் பற்றிச் சொன்னான். அத்தான் தயங்கினார்.

"தாய்மாமன் முறைக்குப் பக்கத்து வீட்டு மிக்கேல்கிட்ட சொல்லிட்டோம் தம்பி. நீங்க வருவியன்னு எங்களுக்குத் தெரியாதுல்லா."

ஜெபராஜின் முகம் ஒரு நொடியில் மாறியது. "அதுக்கென்ன அத்தான். நான் வண்டி மட்டும் ஓட்டுதேன்" என்றான்.

"சத்தம் கேக்காம ஓட்டணும்" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

அன்று முழுக்க அவள் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டாள். அம்மாவின் கடைசி நாட்கள், என் வேலை, ஈப்போவில் தேங்காய் கிடைக்குமா என்பது வரை. அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் ஆறாத கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அவளாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவளிடம் எப்படிச் சொல்வது? முந்திரிக்கொத்தை மட்டும் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "சித்தி இன்னும் ஏலக்கா கூடுதலாத்தான் போடுதா" என்றாள். யார் கொடுத்தது என்று நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை, கல்யாணத்துக்கு முந்தின நாள், ஜெபராஜ் வேப்பமர நிழலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மணலில் மாட்டியபோது கேட்டது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வார்டில் ஒரு நோயாளிக்கு எப்போது வலிக்கிறது என்பதை நாங்கள் எழுதிவைப்போம். எங்கே என்பதைவிட எப்போது என்பது பலசமயம் அதிகம் சொல்லும்.

"தம்பி, நேத்து ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்டது? மத்த நேரம் ஒருதடவைதானே கேக்கும்?"

"மணல்லக்கா."

"மணல் இல்லை. நேத்து நீ முன்னால பின்னால போய்க்கிட்டே இருந்தே. யோசிச்சுப் பாரு. டீக்கடையில பின்னால எடுத்தே, கேட்டது. பட்டறையில பின்னால எடுத்தே, கேட்டது. அந்த முத்தையா ரோட்டுல நேராவே ஓட்டினார், அவருக்குக் கேக்கல."

ஜெபராஜ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான். "ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டா ஏதோ ஒண்ணு முன்னால போகுது. பொறவு முன்னால ஓட்டிப் பிரேக் போட்டா அது பின்னால வருது. வந்த எடத்துல அப்படியே நின்னுக்கிடுது. அதான் அடுத்த பிரேக்குக்குச் சத்தம் இல்ல" என்றான், தனக்குத்தானே பாடம் நடத்துவதுபோல.

காரைக் கோயிலுக்குப் பின்னாலிருந்த கெட்டித் தரைக்குக் கொண்டுபோனோம். அவன் நடக்கிற வேகத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பிரேக் போட, நான் கூடவே நடந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வீங்கிய வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதுபோல. முன்பக்கம் இரண்டிலும் ஒன்றும் இல்லை. பின்பக்கம் வலதில் லேசான அதிர்வு. இடதில் கை வைத்தபோது யாரோ உள்ளிருந்து என் கையை இடித்தார்கள்.

"இங்கே! இங்கே!" என்று நான் கத்தியதில் கோயில் புறாக்கள் பறந்துபோயின.

பாயைப் போட்டு அவன் அடியில் படுத்தான். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னான். பின்சக்கரத்துத் தண்டு பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருந்தது. அவை சேருகிற இடத்தில் மற்றெங்கும் புழுதியும் எண்ணெயுமாக இருக்க, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. தண்டு நகர்கிற இடம் அது. தண்டை ஸ்பிரிங்கோடு நடுவில் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டின் தலை ஒடிந்து போயிருந்தது. பக்கத்துப் பிடிகளின் நட்டும் கையாலேயே சுழன்றது.

வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. "இதுலதானக்கா உங்களைத் தேரி வழியா கூட்டிட்டு வந்தேன். அம்மாவயும் வச்சு ஓட்டுனேன். நாளைக்குப் புள்ளய வச்சு..."

புது போல்ட் வாங்க அடுத்த பஸ்ஸில் தூத்துக்குடிக்கு ஓடினான்.

கார் கோயிலுக்குப் பின்னாலேயே நின்றது. கல்யாண வீட்டு இரைச்சலிலிருந்து தப்பிக்க நான் அதற்குள் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து முன்கதவைத் திறந்து ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தாள். கடல் அலையடித்துக்கொண்டிருந்தது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, "அக்கா, அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ளா" என்றாள்.

"யார் சொன்னா?"

"நாசரேத் சந்தைக்குப் போயிட்டு வந்தவ சொன்னா. அன்னைக்கே சாமியார்ட்ட சொல்லிப் பூசை வச்சோம். உங்க அத்தான் அன்னைக்குக் கடலுக்குப் போகல."

"அப்புறம் ஏன் பத்திரிகையை அப்பா பேருக்கு அனுப்பினே?"

அக்கா ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "மூத்த பேத்தி கல்யாணம். மொதப் பத்திரிகை அவருக்குத்தான எழுதணும்? இருந்தாலும் இல்லாட்டாலும் கூப்புட்டாச்சுன்னு ஆயிரும்லா." என் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு. உம் பேருக்குப் போட்டிருந்தா ஒரு வாழ்த்துத் தந்தி அடிச்சுட்டு இருந்துருப்ப. அவர் பேருக்குப் போட்டதாலதான் ஓடி வந்துருக்க."

உண்மை. நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அவள் முகத்தையும் துடைத்தாள்.

"நேத்துலேருந்து எங்கிட்ட ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ எப்ப வாயத் திறப்பேன்னு பாத்துட்டே இருந்தேன். இந்தக் கார்ச் சத்தத்தத் தவிர வேற ஒண்ணும் பேசலயே நீங்க ரெண்டு பேரும்."

சாயங்காலம் ஜெபராஜ் போல்ட்டோடு வந்தான். கூடவே முத்தையாவும் வந்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். "அந்தச் சத்தத்த ஒரு தடவ கேட்டுரணும் அக்கா. மூணு நாளா மனசு ஆறல." அவருக்காக ஜெபராஜ் மெதுவாகப் பின்னால் எடுத்துப் பிரேக் போட்டான், முன்னால் வந்து போட்டான். டங். முத்தையாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "இருக்கு, இருக்கு!" என்றார், தொலைந்த ஆடு கிடைத்ததுபோல.

ஜாக்கி மண்ணில் இறங்கியது. சூசை அத்தான் வள்ளத்துக்கு அடியில் போடும் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். முத்தையாவும் ஜெபராஜும் அடியில் கிடக்க, அத்தான் ஸ்பிரிங்கை ஒரு கட்டையால் நெம்பிப் பிடித்தார். "வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்க பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. ஜெபராஜ் முன்னும் பின்னுமாக ஓட்டி, பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். கடல் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. கார் சரியாகிவிட்டதா, அல்லது எங்கள் காது செவிடாகிவிட்டதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. முத்தையாவைக் கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா பிடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரோசலின் வெள்ளைச் சேலையில், தலையில் முக்காட்டோடு பின்சீட்டில் ஏறினாள். அவளுக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான். முன்சீட்டில் அத்தான். ஜெபராஜ் கோட்டு போட்டிருந்தான், வியர்வை காலர் வரை வழிந்தது. தெருவே பின்னால் நடந்து வந்தது. கோயில் வாசலில் அவன் பிரேக் போட்டபோது கார் அமைதியாக நின்றது. நான் முதலில் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன்.

பெண்ணைக் காரிலிருந்து கைகொடுத்து இறக்குவது தாய்மாமன் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மிக்கேல் புதுவேட்டியோடு வாசலில் தயாராக நின்றார். ஜெபராஜ் இறங்கி, தன் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு துணியால் கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அக்கா உள்ளேயிருந்தே மிக்கேலைப் பார்த்தாள். என்ன பார்வையோ, அவருக்குப் புரிந்தது. தலையசைத்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஏலே ஜெபராஜ்" என்றாள் அக்கா. "தாய்மாமன் கண்ணாடி தொடச்சுட்டு நிக்கான், புள்ள எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்? வந்து கையப் பிடிலே."

அவன் கையிலிருந்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் நீட்டினான். கார்ச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். இரண்டு கையையும் கோட்டில் துடைத்துக்கொண்டு, குனிந்து, ரோசலினின் கையைப் பிடித்து இறக்கினான். அவள், "வாங்க மாமா" என்றாள்.

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் காரைப் பூட்டத் தெரியாமல் ஒவ்வொரு கதவாகச் சாவியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கதவுக்கும் சேரவில்லை. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. கிடக்கட்டும் என்று திறந்தபடியே விட்டுவிட்டு நானும் போனேன்.